பழைய அச்சுப்படமா? முதலில் லென்ஸை எடுங்கள்

பழைய அச்சுப்படம் கையில் கிடைத்ததும் பலர் முதலில் கையெழுத்தைத்தான் தேடுவார்கள். அதற்கு முன் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். ஒரே ஒழுங்கில் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன், அதாவது புகைப்பட முறையில் எடுத்த பிரதி. 'அசல்' என்று விற்கப்படும் பல படங்கள் இந்த இடத்திலேயே தோற்றுவிடும். கிரேயானால் தேய்த்ததுபோல ஒழுங்கில்லாத மணல்மணலான பரப்பு இருந்தால் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டது. 1790-களுக்கு முன் அந்த முறையே கிடையாது. செப்புத்தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இருக்கும் (ஓரத்தை வெட்டியிருந்தால் அதுவும் போச்சு). கோட்டின் முனை ஊசிபோல் மெலிந்தால் உளியால் செதுக்கியது; மழுங்கி நின்றால் பெரும்பாலும் அமிலத்தால் அரித்தது.

பழைய ஐரோப்பியப் படங்களில் கீழ் விளிம்பில் லத்தீன் சொற்கள் சுருக்கமாக இருக்கும். பெயருக்குப் பின் 'பின்க்ஸிட்' என்றிருந்தால் அவர் ஓவியர், 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் தகட்டில் செதுக்கியவர். வழக்கமாக ஓவியர் பெயர் இடப்பக்கம், செதுக்கியவர் பெயர் வலப்பக்கம். 'எக்ஸ்குடிட்' பெரும்பாலும் பதிப்பாளரைக் குறிக்கும். அவரைக் கலைஞர் என்று எண்ணிவிடாதீர்கள்.