டி அண்ட் டி மேசைக்குத் திரும்புகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நாளில் விடிய விடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டை ஆடியவர்கள், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பல வருடம் காணாமல் போய், இப்போது ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள், திரும்பி வந்த புதிதில் நானும் செய்தவை. பகடையை வீட்டில் மறப்பது, நடுவே போனை நோண்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய விதிகளை நினைவிலிருந்தே நடத்துவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 80, 90களில் ஆடிவிட்டுப் போனவர்களால் தொல்லை இல்லை. அவர்கள் காலத்தில் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் கவச எண்) குறையக் குறையக் கவசம் வலுவானது, இன்று கூடக் கூட வலு. எல்லாமே தலைகீழாகிவிட்டது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுவதால் ஒழுங்காகப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறார்கள். சிக்கல், 2003இல் வந்த 3.5 பதிப்பில் ஊறியவர்களிடம். டி20யை, அதாவது இருபதுமுகப் பகடையை, உருட்டு, போனஸைக் கூட்டு, எதிரியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும், அதன் 2024 திருத்தத்திலும் இது மாறவில்லை. 'நமக்குத் தெரியாததா' என்று புத்தகத்தைத் திறக்காமலே டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் 3.5 காலத்து நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆட்டம் நடத்தினார். அன்றுதான் முதன்முதலாக ஆட வந்திருந்த ஒரு பெண், முதல் லெவல் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்) எடுத்திருந்தார். 10 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. எதிரே ஓர் ஓகர் (முரட்டு அரக்கன்), அதை ஒட்டி எங்கள் ஃபைட்டர் (போர்வீரர்). "ஸ்னீக் அட்டாக் போடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார், ரோக்குக்குக் கூடுதல் சேதம் தரும் தாக்குதல் அது. "இப்படி நின்னா கிடைக்காதுங்க, ஃபைட்டருக்கு நேர் எதிர்ப்பக்கம் போகணும்" என்றார் நண்பர். அந்தப் பெண்ணும் நம்பி ஓகரைச் சுற்றி நகர்ந்தார். "நகர்ந்துட்டீங்களா, ஓகருக்கு ஒரு அடி சும்மா கிடைக்கும்." அடி பட்டது. இரண்டு எட்டுமுகப் பகடை, கூட்டல் 4. வந்தது 13. "மைனஸ் 3ல கிடக்கிறீங்க. ரவுண்டுக்கு ஒண்ணு குறையும். மைனஸ் 10 ஆனா செத்தீங்க."

ஒரே டர்னில் மூன்று தப்பு. இப்போது எதிரிக்கு 5 அடி தூரத்துக்குள் கூட்டாளி ஒருவர் தெம்பாக நின்றாலே, உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) இல்லாதவரை, ஸ்னீக் அட்டாக் உண்டு. எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றி வந்தால் சும்மா அடி கிடையாது, அந்தத் தூரத்தை விட்டு வெளியேறினால்தான். ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்குக் கீழே போவதே இல்லை. விழுந்தவர் தன் டர்னில் டெத் சேவ், அதாவது பிழைப்பாரா என்பதற்கான பகடை, உருட்டுவார். மூன்று வெற்றி வந்தால் பிழைப்பார், மூன்று தோல்வி வந்தால் சாவு.

ஸ்னீக் அட்டாக் விதி அந்தப் பெண்ணின் கேரக்டர் ஷீட்டிலேயே, அதாவது பாத்திர விவரத் தாளிலேயே, இருந்தது. முந்தின இரவே படித்துவிட்டும் வந்திருந்தார். அனுபவசாலி சொல்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. நண்பருக்கோ, "ஓகர்னா சும்மாவா" என்று பெருமை!

2024 திருத்தத்தின் விதிப்புத்தகமான 384 பக்க பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை முழுக்கப் படிக்கச் சொல்லவில்லை. கடைசியில் இருக்கும் விதி அகராதியை ஒரு மாலை உட்கார்ந்து புரட்டுங்கள். ஓப்பர்சூனிட்டி அட்டாக் (அந்தச் சும்மா அடி), ஓய்வு, கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்கக் கவனத்தைப் பிடித்து வைப்பது), இவற்றை மட்டுமாவது. ஒரு நேரத்தில் ஒரு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்தான் என்பதை 3.5 மந்திரவாதிகள் லேசில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். காசு செலவழிக்க மனமில்லை என்றால், அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.2 என்ற பெயரில் 2025இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருக்கின்றன. 2014 பதிப்பை ஆடிவிட்டுப் போனவர்களும் விதிகளைப் புரட்டத்தான் வேண்டும், 2024 திருத்தத்தில் சில மாறிவிட்டன. போஷன் (மந்திர மருந்து) குடிப்பது இப்போது போனஸ் ஆக்ஷன், அதாவது டர்னில் முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல். எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் முதல் டர்னை இழப்பதில்லை, யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் மட்டும்தான்.

யாராவது "ஷீட்ல வேற மாதிரி போட்டிருக்கே" என்றால், ஆட்டத்தை நிறுத்தி அதை வாசிக்கச் சொல்லுங்கள்.

எடுத்த எடுப்பில் இரண்டு வருடக் கதை

உலக வரைபடம், ஆயிரம் வருட அரச வம்சம், நாற்பது பக்கக் குறிப்பு. எல்லோரும் கூடும் சனிக்கிழமை மாதத்துக்கு ஒன்று கிடைப்பதே பெரிது. ஒரே அமர்வில் முடியும் கதையை முதலில் நடத்துங்கள். தொடர்ந்து வரப்போவது யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் வந்தால்தான் ஆட்டம்

ஐந்தில் மூவர் வந்தால் தொடங்குங்கள்.

பழைய நண்பர்கள்தானே என்று பேசாமல் தொடங்குவது

பத்தொன்பது வயதில் சிரித்துக்கொண்டே ஆடிய சித்திரவதைக் காட்சியை, இன்று கைக்குழந்தை வைத்திருப்பவர் ரசிப்பார் என்பது என்ன நிச்சயம்? விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் சொன்ன லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ் முறை எளிது. கதையில் வரவே கூடாதவை எவை, நடந்தாலும் விவரிக்காமல் கடக்க வேண்டியவை எவை என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்வது. கால் மணி நேர வேலை.

"எங்க காலத்துல..."

வேண்டாம்.

வாங்கிக் குவிப்பது

ஏழு பகடை கொண்ட ஒரு செட், ஒரு பென்சில். மினியேச்சர் எனும் குட்டிப் பொம்மைகளுக்குப் பதில் கேரம் காய் போதும்.

3.5தான் பிடிக்கும், ஆனால் சொல்ல வெட்கம்

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பழைய பதிப்புகளின் பிடிஎஃப்கள் டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட் இணையக் கடையில் இன்றும் விற்பனையில் உள்ளன. ஆட்டத்துக்கு அழைக்கும்போதே எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நானே வருகிறேன். எதிரியைப் பிடித்து மடக்கும், தலைசுற்ற வைக்கும் அந்த கிராப்பிள் விதியை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.