குளோஸ்டு-எண்ட் ஃபண்டில் பெரிய கைகள் யார்? கண்டுபிடிப்பது எப்படி

பங்குத் தளம் எதைத் திறந்தாலும் "நிறுவனங்களிடம் இருப்பது இத்தனை சதவீதம்" என்று ஒரு எண் இருக்கும். சாதாரணக் கம்பெனிப் பங்குக்கு அது ஓரளவு உதவும். குளோஸ்டு-எண்ட் ஃபண்டுக்கு, அதாவது பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுக்கு, அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதன் பின்னால் இருக்கும் பெயர்களைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஆடம்ஸ் டைவர்சிஃபைடு ஈக்விட்டி ஃபண்டை வைத்துச் செய்து பார்ப்போம். 1854-ல் பார்சல் கம்பெனியாகப் பிறந்து, வால் ஸ்ட்ரீட் சரிந்த 1929-ல் ஃபண்டாக மாறிய பழம்பெருசு இது. நியூயார்க் பங்குச்சந்தையில் இதன் குறியீடு ஏடிஎக்ஸ்.

படி 1: முதலில் தள்ளுபடி

வழக்கமான மியூச்சுவல் ஃபண்டில் பணம் கேட்டால், ஃபண்டே அன்றைய என்.ஏ.வி. (ஒரு பங்குக்கு ஃபண்டிடம் உள்ள நிகரச் சொத்து மதிப்பு) கணக்கில் கொடுத்துவிடும். இங்கே அந்தக் கதவு கிடையாது. நீங்கள் விற்க வேண்டுமானால் சந்தையில் இன்னொருவர் வாங்க வேண்டும். அதனால் விலை ஒரு பக்கம், என்.ஏ.வி. ஒரு பக்கம் என்று ஓடும். 100 டாலர் சொத்து 88-க்குக் கிடைத்தால் 12 சதவீதத் தள்ளுபடி. ஏடிஎக்ஸின் விலை, என்.ஏ.வி. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கைகள் பலருக்கும் கண் இந்த இடைவெளி மேல்தான்.

படி 2: 13எஃப் படிவம்

அமெரிக்கச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்துக்குப் போங்கள்; காசு கிடையாது. 10 கோடி டாலருக்குக் குறையாமல் அமெரிக்கச் சந்தைப் பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், தங்களிடம் உள்ள பங்குகளின் பட்டியலைக் காலாண்டுதோறும் 13எஃப் என்ற படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஃபண்டின் பெயரில் தேடினால் இது அகப்படாது, வைத்திருப்பவர் பெயரில்தான் இருக்கும். நாஸ்டாக் தளத்தில் தொகுத்த பட்டியல் உண்டு. அதில் பெயரைப் பிடித்து, எட்கரில் மூலப் படிவத்தைத் திறங்கள்.

தாக்கல் செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. ஆக, மே மாத நடுவில் நீங்கள் பார்ப்பது மார்ச் 31 நிலவரம். அதற்குள் ஆள் விற்றுவிட்டுப் போயிருக்கலாம். இன்னொன்று: 2023-க்கு முன் மதிப்பை ஆயிரம் டாலர் கணக்கில் எழுதினார்கள், இப்போது முழு டாலரில். இது தெரியாமல் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, ஒரு நிறுவனம் ஆயிரம் மடங்கு வாங்கிவிட்டதாக நான் துள்ளிக் குதித்தது தனிக்கதை. மதிப்பை விட்டுவிட்டு, பங்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

படி 3: சதவீதம்

ஃபண்டின் ஆண்டறிக்கையில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை இருக்கும். அது 10 கோடி என்று வைத்துக்கொண்டால், 40 லட்சம் பங்கு வைத்திருப்பவருக்கு 4 சதவீதம். அவ்வளவுதான்.

படி 4: பெயர்களைப் பிரியுங்கள்

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சாதாரணப் பங்குகளில், சந்தைக் குறியீட்டில் இருப்பதை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் முன்வரிசையில் நிற்கும். எஸ் அண்ட் பி 500 போன்ற குறியீடுகளில் குளோஸ்டு-எண்ட் ஃபண்டுகளுக்கு இடமில்லை என்பதால் அந்தக் கூட்டம் இங்கே வராது. சதவீதம் குறைவாகத் தெரிந்தால் "பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்" என்று பயப்பட வேண்டாம்.

பட்டியலில் தெரியும் பெரிய தரகு நிறுவனங்களும் செல்வ மேலாண்மைக் கம்பெனிகளும் பல நேரம் வெறும் முகவரிதான். பங்கு அவர்களின் வாடிக்கையாளர்களுடையது. ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பு அதில் நிறைய. 13எஃப்-இல் வாக்குரிமைக்குத் தனிப் பத்தி உண்டு. அங்கே "இல்லை" என்ற கட்டத்தில் பங்குகள் குவிந்திருந்தால், அந்த நிறுவனம் ஓட்டுப் போடப்போவதில்லை என்று பொருள்.

சிட்டி ஆஃப் லண்டன், சபா கேபிடல் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் வேறு ரகம். தள்ளுபடியில் வாங்கி, அது சுருங்கும்போது லாபம் பார்ப்பதே இவர்கள் தொழில். சபா அதோடு நிற்காது. இயக்குநர் குழுவையே மாற்றக் கேட்கும். இப்படிப்பட்ட பெயர் 3 சதவீதத்தில் இருப்பது, தரகர் பெயர் 8 சதவீதத்தில் இருப்பதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி என்பேன்.

படி 5: 13ஜி-யா, 13டி-யா?

5 சதவீதத்தைத் தாண்டினால் தனிப் படிவம் வரும். சும்மா வைத்திருப்பவர் 13ஜி போடுவார், நிர்வாகத்தில் தலையிட நினைப்பவர் 13டி. 13டி-யில் 4-ஆம் பகுதியைப் படியுங்கள். எதற்காக வாங்கினார் என்பதை அங்கே எழுதியாக வேண்டும். ஒருவர் 13ஜி-யிலிருந்து 13டி-க்கு மாறினால் சண்டைக்குத் தயாராகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சண்டையில் பெரிய கைதான் ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது. லண்டனின் ஹெரால்டு இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்டில் (பிரிட்டனில் குளோஸ்டு-எண்ட் ஃபண்டுக்கு டிரஸ்ட் என்று பெயர்) சபாவிடம் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு இருந்தது. 2025 ஜனவரியில் இயக்குநர்களை நீக்கக் கோரி வாக்கெடுப்புக் கொண்டுவந்தது. மற்ற பங்குதாரர்கள் திரண்டு வந்து ஓட்டுப் போட்டதில் தோற்றது. அடுத்த சில வாரங்களில் இன்னும் ஆறு பிரிட்டிஷ் டிரஸ்டுகளிலும் அதே கதைதான். நீங்கள் இப்படி ஒரு ஃபண்டு வைத்திருந்தால், தரகர் அனுப்பும் வாக்குச்சீட்டு மின்னஞ்சலை இனி அழித்துவிடாதீர்கள்.