பிலிப்பீன்ஸ் மரபு உணவகத்தில் உண்ணும் முறை

மணிலாவிலோ செபுவிலோ மரபான உணவகம் ஒன்றுக்குச் செல்பவர்கள், ஆளுக்கொரு தட்டு என்று கேட்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அங்கே சோறு மட்டுமே அவரவருக்கு உரியது. 'உலாம்' எனப்படும் குழம்பும் வறுவலும் சுட்ட மீனும் நடுவில் வைக்கப்பட்டு எல்லோருக்கும் பொதுவாகும். நான்கு பேர் என்றால் புளிப்பான சாறு ஒன்று, கொழுப்பு மிகுந்த இறைச்சி ஒன்று, சுட்ட கோழி அல்லது மீன் ஒன்று, காய்கறி ஒன்று என்று சொன்னால் போதும்.

சாறு என்றால் தயங்காமல் சினிகாங் கேட்கலாம். முள்ளங்கி, கத்தரி, வெண்டை, காராமணிக்காய் ஆகியவற்றோடு இறாலையோ பன்றி இறைச்சியையோ சேர்த்துப் பெரும்பாலும் புளியில் கொதிக்க வைப்பதால், அதன் சுவை தமிழர் நாவுக்கு உடனே பிடிபடும். காரே-காரே அப்படியன்று. மாட்டு வாலை நிலக்கடலைக் கூழில் வேகவைத்து, உப்பை வேண்டுமென்றே குறைத்துப் பரிமாறுவார்கள். உடன் வரும் பாகோ-ஓங் என்ற இறால் விழுதைக் கவளத்துக்குக் கவளம் சிறிது தொட்டுக்கொண்டால்தான் அதன் சுவை நிறைவுறும் என்பதால், முதல் வாயிலேயே சப்பென்று இருக்கிறது எனத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இந்தச் சமையலின் நுட்பமே இதில்தான் இருக்கிறது: கடைசிப் பக்குவம் உண்பவர் கையில் விடப்படுகிறது. சிறு கிண்ணத்தில் சோயா சாறு, காடி (வினிகர்), பாட்டிஸ் என்ற மீன் சாறு, நறுக்கிய மிளகாய் ஆகியவற்றை விருப்பப்படி கலந்து, கலமன்சி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்துகொள்வதைச் சமையற்காரர் தமக்கு நேர்ந்த குறையாகக் கருதுவதில்லை. பம்பாங்கா மாகாணத்தின் புகழ்பெற்ற சிசிக் என்ற நறுக்கிய பன்றி இறைச்சி வறுவல், சூடான இரும்புத் தட்டில் வந்தவுடன் கலமன்சி பிழிந்தே உண்ணத்தக்கது.

கரண்டியை வலக்கையிலும் முள்கரண்டியை இடக்கையிலும் பிடித்து உண்பது வழக்கம். கத்தி பெரும்பாலும் தேவைப்படாது. வாழையிலையில் பரப்பிக் கையால் உண்ணும் கமாயன் விருந்து கிடைக்குமானால் அதைத் தவறவிட வேண்டாம்.

சைவ உணவினர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். பினாக்பெட் என்ற காய்கறிக் கூட்டில் பாகோ-ஓங் சேரும்; பாசிப்பயற்றுச் சாற்றில் பெரும்பாலும் பன்றி இறைச்சியோ கருவாடோ இருக்கும்; சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைக்கும் லாயிங்கும் அப்படியே. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. "வாலாங் கார்னே, வாலாங் பாட்டிஸ், வாலாங் பாகோ-ஓங்" (இறைச்சி இல்லாமல், மீன் சாறு இல்லாமல், இறால் விழுது இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியே விலக்கிச் சொல்ல வேண்டும்.

பரிமாறுபவர் ஆணாயின் 'குயா' என்றும் பெண்ணாயின் 'ஆத்தே' என்றும் அழைப்பது மரியாதை. விலைச் சீட்டில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் மேசையில் சிறு தொகையை வைத்துவிட்டு எழலாம்.