இறாலைத் தொடாமல் குளத்தைப் பார்க்கும் முறை

வீச்சு வலை போட்டு, பத்து வனாமி இறாலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே நமக்குப் பழக்கம். ஆனால் வலையில் அகப்பட்ட இறால் துள்ளும், வால் சுருண்டு இறுகும், தசை வெளுத்துப் போகும். அந்த வெளுப்பு குளத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததால் வந்ததா, நாம் பிடித்ததால் வந்ததா என்று அப்புறம் பிரித்துச் சொல்லவே முடியாது. வனாமியின் உடம்பு கண்ணாடி மாதிரி, குடலும் தசையும் வெளியிலிருந்தே தெரியும். அதனால் தண்ணீருக்குள் வைத்தே படம் எடுங்கள்.

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு அடி நீளமுள்ள சின்னக் கண்ணாடி மீன் தொட்டி, ஒரு போன், செக் ட்ரேயின் (தீவனம் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் தட்டு) அடியில் கட்ட சென்டிமீட்டர் கோடு போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தகடு. குளத்துத் தண்ணீர் பாசியால் பச்சையாகக் கலங்கியிருக்கும், மேலிருந்து வெறுமனே எடுத்தால் எதுவும் தெரியாது. அதனால் தீவனம் போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து ட்ரேயை மெதுவாக உயர்த்தி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்துங்கள், வெளியே எடுக்க வேண்டாம். காலித் தொட்டியை அதன் மேல் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் கண்ணாடிக்கும் இறாலுக்கும் நடுவே சில விரல்கடை கலங்கல்தான் மிஞ்சும், அலையும் இருக்காது, மேற்பரப்பின் பளபளப்பும் இருக்காது. தொட்டிக்குள் போனைக் கவிழ்த்துப் பிடித்து அரை நிமிஷம் வீடியோ எடுத்தால் போதும்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இருபது இறாலை எண்ணுங்கள். முதலில் குடல். தீவன நிறத்தில் பழுப்பாக, அறுபடாத கோடாக இருந்தால் நன்றாகத் தின்கிறது. கறுத்திருந்தால் அடிச்சேற்றைக் கிளறித் தின்கிறது, தீவனம் பற்றவில்லையா என்று யோசியுங்கள். சிவந்திருந்தால் செத்த இறாலைத் தின்றிருக்கலாம், உடனே அடித்தளத்தைப் பாருங்கள். வெளிறியோ துண்டு துண்டாகவோ இருந்து, காற்று ஒதுக்கும் மூலையில் வெள்ளை நூல் போல எச்சமும் மிதந்தால் தள்ளிப் போடாதீர்கள், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இஹெச்பி என்ற நுண் ஒட்டுண்ணி நோயா வேறு எதுவா என்று பிசிஆர் என்ற மரபணுச் சோதனைதான் சொல்லும், படம் சொல்லாது.

அப்புறம் மீசை முழுசாக இருக்கிறதா, வால் விசிறி சிவந்திருக்கிறதா, செவுள் கறுத்திருக்கிறதா, ஓட்டில் கறுப்புப் புள்ளி உண்டா. தொடாமலே எடுத்த படத்தில் தசை வெளுத்திருந்தால் காரணம் குளத்தில்தான் இருக்கிறது, விடியற்கால ஆக்ஸிஜனை அளந்து பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நிறைய இறால் ஓடு கழற்றும், அப்போது குடல் காலியாகத் தெரிந்தால் பதறி மருந்து கொட்ட வேண்டாம், இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ட்ரேக்கு வருவது பசியுள்ள, தெம்பான இறால். நோயுற்றது வராது, கரையோரம் ஒதுங்கும். ட்ரே படத்தை மட்டும் நம்பினால் குளம் நன்றாக இருப்பதாகவே தோன்றும், நானும் ஒரு முறை அப்படி நம்பி நான்கு நாளை இழந்தேன். அதனால் விடியற்காலையில் கரையைச் சுற்றி நடந்து மேற்பரப்பையும் வீடியோ எடுங்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸின் கண்ணாடியை லென்ஸ் முன்னால் வைத்துச் சாய்வாக எடுத்தால் பளபளப்பு நன்றாகக் குறையும். இறால்கள் மேலே மிதந்து சோர்வாக நீந்தினால் வீடியோவை விட்டுவிட்டு முதலில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடுங்கள்.

இரவில் வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள், துள்ளிச் சிதறும். இறாலின் கண்ணுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும், சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினால் சரி. ஆனால் அந்த வெளிச்சத்தில் நடமாட்டத்தை மட்டும் பாருங்கள், குடல் நிறத்தைப் பகலில்தான் பார்க்க வேண்டும்.

எண்ணியதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்: இருபதில் எத்தனைக்குக் குடல் நிறைந்திருந்தது, எத்தனைக்கு மீசை ஒடிந்திருந்தது. தினமும் அதே ட்ரே, அதே நேரம். நேற்று பதினெட்டு, இன்று பன்னிரண்டு என்றால் நாளைக்குக் காத்திருக்காமல் இன்றே தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரைச் சோதியுங்கள்.