கந்தோரிலும் ஊரிலும் வேதக்காரராக இருப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கிறிஸ்தவர் என்று சொல்லத் தேவையில்லை. பெயரே சொல்லிவிடும். ஞாயிறு காலையில் எங்கே போகிறார் என்பது ஒழுங்கைக்கே தெரியும். ஆனால் கந்தோர்ப் பூசையில் எதுவரை நிற்பார், பொதுக்காசில் எப்படி நடப்பார் என்பது பலருக்குத் தெரியாது. அதை முன்கூட்டியே தெரியப்படுத்துவதுதான் முக்கியமான வேலை. மனவருத்தங்களில் பெரும்பாலானவை கடைசி நிமிடத்தில் சொல்வதால் வருகின்றன.

வாணிவிழா

நவராத்திரி தொடங்க இரண்டு கிழமைக்கு முன் உங்கள் தலைமை அதிகாரியையோ அதிபரையோ தனியாகச் சந்தியுங்கள். கூட்டத்தில் எழுந்து அறிவிக்க வேண்டாம். ஒரு நிமிடப் பேச்சு போதும்: "சேர், வாணிவிழாவுக்குக் கதிரை அடுக்கிறது, மண்டபம் கூட்டிறது, பிள்ளையளின்ரை பேச்சுப்போட்டி எல்லாம் நான் பாக்கிறன். பூசை நேரம் பின்னாலை மரியாதையா நிப்பன். தீபம் காட்டவோ, திருநீறு பூசவோ மாட்டன். குறை நினைக்காதேங்கோ."

முதலில் செய்வதைச் சொல்லி, பிறகு செய்யாததைச் சொல்லுங்கள். மறுப்பை மட்டும் சொன்னால் வேலைக்குக் கள்ளம் என்றுதான் எடுப்பார்கள். சொன்ன வேலையை அன்றைக்கு எல்லாருக்கும் முன்னே வந்து செய்யுங்கள்.

பூசை தொடங்கும்போதே கதவோரம் பின்வரிசையில் நில்லுங்கள். முன்னுக்கு நின்றுவிட்டு, தட்டு வரும்போது விலகிப் போவதுதான் அதிகம் நோகச் செய்யும். செருப்பை மற்றவர்களைப் போலவே வெளியே கழற்றுங்கள். திருநீற்றுத் தட்டு வந்தால் இரு கைகளையும் நெஞ்சருகே கூப்பி, தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். கொண்டுவருபவர் விளங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போவார். கையை ஆட்டி "வேண்டாம்" என்னாதீர்கள். வாங்கிப் பூசிவிட்டு வெளியே போய் லேஞ்சியால் துடைப்பது எல்லாவற்றிலும் கேடு. அதைக் கட்டாயம் யாரோ பார்ப்பார்கள், அது இரண்டு சமயத்துக்கும் அவமரியாதை.

அவல், கடலை, பொங்கல்? இதில் திருச்சபைகளுக்குள்ளே ஒரே கருத்து இல்லை. 1 கொரிந்தியர் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை வீட்டில் இருந்து வாசித்து, உங்கள் சுவாமியாருடனோ போதகருடனோ பேசி முடிவெடுங்கள். எடுத்த முடிவை வருடாவருடம் மாற்றாதீர்கள். போன வருடம் சாப்பிட்டவர் இந்த வருடம் மறுத்தால், யாரோடோ கோபம் என்றே கந்தோர் நினைக்கும். சேர்ப்புக்காசு கேட்டால் பிள்ளைகளின் பரிசுக்கும் தேநீருக்கும் என்று சொல்லித் தாராளமாகக் கொடுங்கள்.

நத்தார்த் தட்டும் கடமைப் பட்டியலும்

நத்தாருக்கு அயல்வீட்டுக்குத் தட்டு அனுப்பும்போது, அந்த வீட்டில் மச்சம் சாப்பிடுவார்களா என்று முதலில் யோசியுங்கள். கேக்கில் முட்டை இருக்கிறது. சைவச் சாப்பாட்டு வீட்டுக்குப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் அனுப்புங்கள். அவற்றை றோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரிக்காமல், புது எண்ணெயில் முதலில் பொரித்து எடுத்து வையுங்கள். தட்டைக் கொடுக்கும்போது "இதிலை முட்டை இல்லை, புது எண்ணெய்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மரியாதைக்கு வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் வைத்துவிடுவார்கள்.

வைத்தியசாலையிலோ வங்கியிலோ வேலை செய்பவர்கள் தைப்பொங்கல், தீபாவளி, நல்லூர்த் தேர் நாட்களின் கடமையைத் தாங்களாகவே கேட்டு எடுக்கலாம். அப்படிச் செய்தால் டிசம்பர் 24 இரவு ஆராதனைக்குப் போக யாரிடமும் கெஞ்ச வேண்டியிராது. பெரிய வெள்ளி அரச விடுமுறை. திருநீற்றுப் புதனும் பெரிய வியாழனும் அப்படியல்ல. அந்த நாட்களுக்கான லீவை ஒரு மாதம் முன்னரே எழுதிக் கொடுங்கள். சுகமில்லை என்று பொய் சொல்லிக் கோவிலுக்கு (தேவாலயத்துக்கு) போவதில் எந்தக் கிறிஸ்தவச் சாட்சியும் இல்லை.

டிசம்பரில் கரோல் போகும் குழுக்கள் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போங்கள். செத்தவீடு நடந்த ஒழுங்கையிலும் சைவக் கோயில் பூசை நேரத்திலும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுக் கடந்து போங்கள்.

காசு

சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், மீனவர் சங்கம் என்று எங்கே போனாலும் "அவர் கோவில் ஆள், காசைக் குடுக்கலாம்" என்று பொருளாளர் பதவியைத் தருவார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த மாதிரி நடப்பது எந்தப் பிரசங்கத்தையும் விடப் பெரியது.

காசை இரண்டு பேராக எண்ணுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் வையுங்கள். பிழைத்த சீட்டைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடிட்டு அதே இடத்தில் விடுங்கள். வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். அன்றன்றைய செலவை அன்றிரவே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரு தாளில் வரவு, செலவு, மீதி எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வழக்கமாகப் பிழைப்பது இப்படி: சங்கக் காசும் சொந்தக் காசும் ஒரே பேர்சில் கிடக்கும், அவசரத்துக்கு ஆயிரம் ரூபாய் "நாளைக்கு வைப்பம்" என்று எடுபடும். எடுத்தவர் கள்ளன் அல்ல. ஆனாலும் மூன்றாம் மாதம் கணக்குப் பொருந்தாது, அவரோடு சேர்ந்து கோவிலின் பெயரும் கெடும். இரண்டு பேர்ஸ் வையுங்கள்.

அலுவல் முடிந்தபின் "சந்தோசம்" என்று ஒரு கடித உறை வந்தால் தொடாமலே திருப்பிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி என்பதை அமைதியாகச் சொல்லலாம். ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றால், மேலதிகாரியிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு நீதிமொழிகள் 11:1 போதும்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது."

வாய் திறப்பது

இங்கே வரலாற்றை மறக்கக் கூடாது. அமெரிக்க மிசனறிமார் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினறியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கினார்கள். அதே மிசனின் வைத்தியர் கிறீன் 1847இல் வந்தார், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அந்த நன்றி ஊரில் இன்னும் இருக்கிறது. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலரே பின்னர் மதமாற்றத்தை எதிர்த்து எழும்பினார். படிப்புக்காகவும் சோற்றுக்காகவும் சமயம் மாற்றினார்கள் என்ற மனவருத்தமும் ஊரில் மறையவில்லை.

ஆகவே உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் நீங்களாகச் சமயம் பேசாதீர்கள். வகுப்பில் மாணவர், வார்ட்டில் நோயாளி, கையெழுத்துக்காகக் காத்திருக்கும் விதவை, இவர்களுக்கு "இல்லை" என்று சொல்லும் சுதந்திரம் இல்லை. உதவிப் பொதிக்குள் அரிசி, பருப்பு, மா, சீனி மட்டும் இருக்கட்டும், கைப்பிரதி வைக்காதீர்கள். ஒருவர் தானாக, சமநிலையில் நின்று "ஏன் இப்படி இருக்கிறியள்?" என்று கேட்டால், இயேசுவைப் பற்றி வெட்கமில்லாமல் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்கிறது. அவருடைய சமயத்தைக் குறைத்து ஒரு சொல்லும் வேண்டாம்.

சாதியும் சீதனமும்

நாம் அதிகம் தோற்கிற இடம் இது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, வீட்டு வேலைக்கு வந்தவருக்குத் தேநீரை வேறு குவளையில் கொடுத்தால் அந்தக் குவளையைத்தான் ஊர் பார்க்கும். வீட்டில் உள்ள கோப்பைகள் எல்லாம் ஒரே றாக்கையில் இருக்கட்டும், வேறாக வைத்த குவளையை எறியுங்கள். நிர்வாகசபைக்குப் பெயர் முன்மொழியும்போது எந்தப் பகுதியார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள். கலியாணப் பேச்சில் சீதனம் கேட்க மாட்டோம் என்பதை மாப்பிள்ளை வீட்டார் முதல் சந்திப்பிலேயே வாயால் சொல்ல வேண்டும். "உங்கட விருப்பம்" என்பதும் கேட்பதுதான்.

உரிமை மறுக்கப்பட்டால்

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தாலும், 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 14(1)(உ) வழிபடவும் அனுட்டிக்கவும் உள்ள சுதந்திரத்தையும் உறுதிப்படுத்துகின்றன. 12(2) சமயத்தின் பேரில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. அரச அலுவலகத்தில் உங்களுக்கு அப்படி நடந்தால் திகதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். முதலில் நேரில் பேசுங்கள், பிறகு கடிதம் கொடுத்துப் பிரதியில் கிடைத்த திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. பலர் பொறுமை என்ற பெயரில் ஆறு கிழமை இருந்துவிட்டு வருகிறார்கள். ஜெபமும் கடிதமும் ஒரே கிழமையில் நடக்கலாம்.