போர்க்களப் படம்: போடவும் அவசரம் வேண்டாம், அழிக்கவும் அவசரம் வேண்டாம்

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய மெமரி காட்டிலிருந்து படம் எடுத்துத் தரச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். பெரும்பாலும் கல்யாணம், சடங்கு, காமன் கூத்துப் படங்கள்தான். போன மாதம் வந்தவர் முன்னாள் சிப்பாய், 2009 வரை வடக்கில் இருந்தவர். மெமரி காட்டைச் செருகியதும் பங்கர் (பதுங்கு குழி), பனைமரம், சேற்றில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அடுத்த படத்தில் செருப்புக்குரியவர்.

"மல்லி (தம்பி), எல்லாத்தையும் அப்படியே பேஸ்புக்ல போட ஏலுமா?" என்றார். தேத்தண்ணி வரவழைத்து உட்கார்ந்து பேசினோம்.

பலரும் செய்யும் முதல் தவறு, நான் எடுத்த படம், எனக்கே சொந்தம் என்று நினைப்பது. படத்தில் செத்துக் கிடப்பவருக்கும் ஒரு அம்மா இருப்பார். இன்னும் தேடிக்கொண்டும் இருக்கலாம். மகன் போன செய்தி அவருக்கு கமெண்டுகளுக்கு நடுவிலா வர வேண்டும்? பிடிபட்டவர்களின் படமும் அப்படித்தான். போர்க் கைதிகளை ஊர் வேடிக்கை பார்க்க விடக்கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 13ஆம் பிரிவு. உள்நாட்டுப் போருக்குப் பொதுப் பிரிவு 3 இருக்கிறது, அதுவும் மனித கௌரவத்தைக் குலைக்காதே என்றுதான் சொல்கிறது. (1900இல் நம் தியத்தலாவை முகாமில், தென்னாபிரிக்காவில் பிரிட்டிஷார் பிடித்த சுமார் 5,000 போயர் கைதிகளை அடைத்து வைத்தபோது இந்த விதியெல்லாம் கிடையாது. அந்த முகாம் அஞ்சலட்டைப் படமாகவே வந்தது.)

"அப்ப அழிச்சிருவோம்" என்றார். அது இன்னும் பெரிய தவறு. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்து, தங்கள் கெமராவிலேயே எடுத்த படங்கள் 2004இல் வெளிவந்துதான், அவர்களில் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். படம் இல்லையென்றால் வழக்கும் இல்லை.

திகதி விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். இவர் படங்களின் மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் 2005.01.01 என்று இருந்தது. பெட்டரியைக் கழற்றிப் போட்டதில் கெமராவின் கடிகாரம் தொடக்கத்துக்கே போயிருக்கிறது. "திருத்திப் போடு" என்றார். நான் தொடவில்லை. 2009 ஆகஸ்டில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான சனல் 4, நம் போரில் எடுத்தது என்று ஒளிபரப்பிய கொலைக் காட்சி நினைவிருக்கும். இலங்கை அரசாங்கம் போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார். ஆனால் கோப்புக்குள் பதிந்திருந்த திகதி 2009 ஜூலை 17. போரோ மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. அந்தத் திகதி உட்பட ஒரு சில விஷயங்களுக்கு அவர்களிடம் விளக்கம் இல்லை. திகதி ஒட்டாவிட்டாலும் படம் உண்மையாக இருக்கலாம், ஆனால் கோப்பில் கை வைத்தால் போலி என்று சொல்ல நாமே இடம் கொடுத்ததாகிவிடும். ஆகவே பிழையான திகதியும் கோப்பில் அப்படியே இருக்கட்டும். சரியான திகதி, இடம், யார் எடுத்தது என்பதைத் தனியாகக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

வெட்டுவது, முகத்தை மறைப்பது எல்லாம் பிரதியில்தான் செய்ய வேண்டும், மூலத்தில் கை வைக்கக்கூடாது. மறைக்கும்போது போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் தேய்க்காதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் முகம் தெரிந்துவிடும். கெட்டியான கறுப்புக் கட்டம் போடுங்கள்.

இன்னொன்று இடம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது போய்விடும், டொகியுமெண்டாக அனுப்பினால் போகாது. 2014இல் ஒரு ரஷ்யச் சிப்பாயின் இன்ஸ்டகிராம் படங்களில் பதிந்திருந்த இடமே அவர் உக்ரேனுக்குள் இருந்ததாகக் காட்டியது. 2019இல் ரஷ்யா படையினரின் ஸ்மார்ட்போனுக்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மெமரி காட்டை ஒரு கடித உறையில் போட்டு, வெளியே தன் கையாலேயே திகதிகளை எழுதினார். பேஸ்புக்குக்குப் போனது மூன்று படம்: பங்கருக்குள் தூங்கும் நாய், தகரத்தில் ரொட்டி சுடும் நண்பர், மழையில் ஒரு பனந்தோப்பு. பின்னேரம் பார்த்தால், யாரோ கேட்டிருக்கிறார்: "2005ன்னு போட்டிருக்கே, இது எந்தச் சண்டை?"