வீட்டில் ஒரு குளிர்கடல் தொட்டி: பிரிட்டன் பாறைக்குட்டை உயிர்களை வளர்ப்பது எப்படி

ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கரையில் சர் ஜான் டாலியெல் 1828-ல் எடுத்துவந்த ஒரு பீட்லெட் கடல் சாமந்தி (பாறையில் ஒட்டி வாழும், பூப்போல் விரியும் விலங்கு), எடின்பரோவில் கண்ணாடிப் பாத்திரத்திலேயே 1887 வரை வாழ்ந்தது. டாலியெல் 1851-ல் இறந்த பிறகும் அது கைமாறிக் கைமாறிப் பிழைத்தது. ‘கிரானி’ என்று அதற்குச் செல்லப்பெயர். மோட்டார், சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) எதுவும் இல்லாத காலம் அது. பொருத்தமான உயிரைத் தேர்ந்தெடுத்து, கடல்நீரை விடாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் முதல் தொட்டி வைக்கும்போதும் இந்த இரண்டில்தான் கவனம் இருக்க வேண்டும்.

சென்னை, யாழ்ப்பாணக் கடல்களின் உயிர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவை வெதுவெதுப்பான கடலைச் சேர்ந்தவை. இங்கே நாம் பேசுவது 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை வைக்கும் தொட்டியைப் பற்றி.

எந்த உயிர்கள்?

தொட்டி வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். கரையின் மேற்பகுதிக் குட்டைகளில் இருப்பவை முரட்டு உயிர்கள். கோடை மதியத்தில் அந்தக் குட்டை சூடாகும், மழை பெய்தால் உப்பு குறையும், இரவில் பிராணவாயு இறங்கும், எல்லாவற்றையும் இவை தாங்கும். கடல் நன்றாக வற்றும்போது மட்டும் தெரியும் கீழ்ப்பகுதியில் அழகான உயிர்கள் நிறைய உண்டு. ஆனால் அவை மாறாத நீரில் பழகியவை. தொடக்கத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. மேல்கரை உயிர்களின் தாங்குதிறன் சில மணி நேரத்துக்கு மட்டுமே. அடுத்த பெருக்கில் புதிய கடல்நீர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். உங்கள் தொட்டிக்குப் பெருக்கு வராது. 24 டிகிரியை ஒரு மதியம் தாங்கும் இறால், அதே நீரில் ஒரு வாரம் கிடந்தால் செத்துப்போகும்.

120 லிட்டர் தொட்டிக்குப் போதுமான தொடக்கக் கூட்டம் இது: பீட்லெட் கடல் சாமந்தி 3 அல்லது 4, பெரிவிங்கிள் நத்தை 8, பாறைக்குட்டை இறால் 4 அல்லது 5, சிறிய துறவி நண்டு 2. எல்லாம் நிலைபெற்றுச் சில மாதங்கள் ஆன பிறகு ஷானி மீன் ஒன்றே ஒன்று சேர்க்கலாம். இரண்டு விட்டால் இடத்துக்காகக் கடித்துக்கொள்ளும். ஷானி வளர்ந்தால் சின்ன இறாலையும் விழுங்கப் பார்க்கும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. பச்சைக் கரை நண்டு தொட்டியில் உள்ள மற்றதையெல்லாம் தின்று தீர்க்கும். லிம்பெட் என்ற நத்தை பாறைமேல் படரும் பாசிப்படலத்தை மேய்ந்து வாழ்வது. புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். நீலமட்டி ஒன்று கண்ணில் படாமல் செத்தாலே நீர் கெட்டுவிடும். ஸ்னேக்லாக்ஸ் கடல் சாமந்தியின் உடலில் பாசி குடியிருப்பதால் அதற்குக் கடும் வெளிச்சம் வேண்டும். பக்கத்தில் வரும் இறாலையும் பிடித்துத் தின்னும். கடற்பாசிகளில் பெரிய பழுப்பு வகைகள் வீட்டில் அழுகத்தான் செய்யும். உல்வா என்ற பச்சைக் கடற்பாசி மட்டும் ஓரளவு வளரும், நைட்ரேட்டையும் உறிஞ்சும்.

தொட்டியும் கருவிகளும்

100 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறும். வெயில் படாத, வடக்குப் பார்த்த அறை நல்லது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிப்பக்கம் நீர் வியர்க்கும். தடித்த கண்ணாடி அல்லது அக்ரிலிக் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு.

தேவையானவை: மணிக்குத் தொட்டி நீரைப் பத்து மடங்காவது சுழற்றும் பம்ப், ஃபில்டர், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், தெர்மாமீட்டர், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். பார்க்கும் டெஸ்ட் கிட். பம்ப் உறிஞ்சும் வாயில் கண்டிப்பாகக் கரடுமுரடான ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். கடல் சாமந்தி இடம்விட்டு நகரும். பம்பில் சிக்கி அரைபட்டால் ஒரே இரவில் தொட்டி முழுதும் போய்விடும்.

மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், காற்றும் போக வேண்டும். பிளாஸ்டிக் வலை பொருத்திய சட்டம் போதும். பெரிவிங்கிள் இரவில் ஏறி வெளியே வரும். ஷானி கடல் வற்றும்போது ஈரப் பாறைக்கடியில் நீரின்றி இருந்து பழகிய மீன், தாவத் தயங்காது. செம்பு, பித்தளை எதுவும் நீரில் படவே கூடாது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. மீன் நோய்க்கு விற்கும் பல மருந்துகளில் அது இருக்கிறது.

குளிர்விப்பது

செலவு அதிகம் பிடிக்கும் இடமும், தொட்டிகள் பெரும்பாலும் தோற்கும் இடமும் இதுதான். வெப்பம் இரண்டு பக்கமும் அடிக்கிறது. நீர் சூடானால் உயிரின் உடல் வேகமாக இயங்கிப் பிராணவாயுவை அதிகம் கேட்கும். அதே சமயம் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். கடல்நீர் 10 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் அது 7.4 ஆக இறங்கிவிடும்.

சில்லர் வாங்கும்போது தொட்டியின் லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஜூலையில் உங்கள் அறை எவ்வளவு சூடாகும், அதிலிருந்து எத்தனை டிகிரி இறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் ஓர் அளவு பெரியதாக எடுங்கள். அறை 27, தொட்டி 15 என்றால் 12 டிகிரி வித்தியாசம். சில்லர் உமிழும் சூட்டுக் காற்றுக்கு வழி வேண்டும். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்தால் தன் சூட்டையே மீண்டும் இழுத்து, ஓயாமல் ஓடிக் கெட்டுப்போகும்.

நீர்ப்பரப்பில் வீசும் சிறு மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். நீரும் வேகமாக ஆவியாகும். அவசரத்துக்கு ஃப்ரீசரில் உறைந்த ஒரு லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம். அது 100 லிட்டர் நீரை ஏறக்குறைய ஒரு டிகிரி இறக்கும். மின்சாரம் நின்ற நாளில் கைகொடுக்கும். கோடை முழுவதற்கும் இதை நம்ப முடியாது.

உப்புநீர்

குழாய்த் தண்ணீரில் குளோரினும், சில வீடுகளில் செப்புக் குழாயிலிருந்து வரும் செம்பும் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துங்கள். கடல் மீன் தொட்டிக்கான உப்பை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை போட வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகப் படிந்து வீணாகும். பம்ப் போட்டு 24 மணி நேரம் கலக்கிய பிறகு அளந்தால் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 அருகே இருக்க வேண்டும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். குறைந்த மட்டத்தை வெறும் ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள். இங்கே உப்புநீர் ஊற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. சில வாரங்களில் உப்பு ஏறி இறால் முதலில் விழும்.

தொட்டியைப் பழுக்கவைத்தல்

பாறைகளைக் கடையில் வாங்குங்கள். இங்கிலாந்தின் பல கடற்கரைகளில் கல், மணல் அள்ளுவதை 1949-ம் ஆண்டின் கரைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பாறைகளைத் தொட்டியின் அடியில் நேராக உட்காரவைத்து, பிறகு இரண்டு சென்டிமீட்டர் மணல் போடுங்கள். மணலின்மேல் பாறையை வைத்தால் உயிர்கள் தோண்டும்போது சரியும்.

கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகும்வரை உயிர் எதுவும் விடக் கூடாது. குளிரில் அவை மிக மெதுவாகத்தான் பெருகும். அதனால் சில்லரைப் போடாமல், 20 முதல் 24 டிகிரியில் வைத்துத் தொடங்குங்கள். கடையில் கிடைக்கும் அமோனியம் குளோரைடு கரைசலால் அமோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள். அது குறைந்ததும் மறுபடி சேருங்கள். போட்ட 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் பாக்டீரியா போதுமான அளவு வந்துவிட்டது. ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இனி நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 14-க்கு இறக்குங்கள். குளிரில் பாக்டீரியாவின் வேகம் குறையும் என்பதால் 1 மில்லிகிராம் அளவில் மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே அமோனியா ஏறும். கடைசியில் பாதி நீரை மாற்றிவிடுங்கள்.

கரையிலிருந்து கொண்டுவருதல்

டோர்செட்டின் கிம்மரிட்ஜ், டெவனின் வெம்பரி போன்ற இடங்கள் பார்த்துக் கற்கவே, அங்கே எடுக்காதீர்கள். லண்டனுக்கு அருகே உள்ள சுண்ணாம்புக் கரைகளிலும் நிறையப் பகுதிகள் பாதுகாக்கப்பட்டவை. அரசின் ‘மேஜிக்’ இணைய வரைபடத்தில் எல்லைகளைப் பாருங்கள், உள்ளூர் மீன்வள விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொட்டி மோகம் பரவியபோது பல பாறைக்கரைகள் சூறையாடப்பட்டன. அந்த நிலை மறுபடி வரக் கூடாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றும். வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, நீர் திரும்பியதும் கிளம்பிவிடுங்கள். புரட்டிய கல்லை முன்பிருந்த பக்கம் திருப்பியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் செத்துவிடும். முட்டை சுமக்கும் இறாலையும் நண்டையும் விட்டுவிடுங்கள். கடல் சாமந்தியின் அடித்தட்டை நகத்தால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பி எடுங்கள், கிழித்தால் பிழைப்பது கடினம். அதையும் நத்தை, துறவி நண்டையும் ஈரக் கடற்பாசி பரப்பிய குளிர்பெட்டியில் கொண்டுவரலாம். இறாலுக்கும் மீனுக்கும் கடல்நீரும் பேட்டரி காற்று பம்பும் தேவை.

வீட்டில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பிறகு விடுங்கள். முதல் நாளில் நத்தையும் ஒரு கடல் சாமந்தியும் போதும். இரண்டு வாரம் அமோனியா பூஜ்யமாக இருந்தால் மற்றவை.

தீனியும் பராமரிப்பும்

கடல் சாமந்திக்கு வாரம் ஒருமுறை பட்டாணி அளவு இறால் அல்லது மட்டித் துண்டு. அதற்கு முன்பு இறால்களுக்குப் போட்டுவிடுங்கள். பசியோடிருக்கும் இறால் கடல் சாமந்தியின் வாய்க்குள் கைவிட்டே தீனியைப் பிடுங்கும். மற்றவற்றுக்கு வாரம் மூன்று முறை கொஞ்சம் மைசிஸ் (இறால்போன்ற சிறு உயிர்) போதும். பத்து நிமிடத்தில் தீராததை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை 10 சதவீத நீரை, அதே வெப்பத்திலும் உப்பிலும் தயாரித்து மாற்றுங்கள். துறவி நண்டுக்குப் பெரிய காலி ஓடுகள் நாலைந்து கிடக்கட்டும், இல்லாவிட்டால் நத்தையைக் கொன்று ஓட்டைப் பறிக்கும்.

இறாலின் வெற்று உடல் கிடந்தால் பதறாதீர்கள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவினால் அது உரித்த தோல். சதையோடு வெண்மையாகிப்போன இறால் என்றால் வெப்பமோ பிராணவாயுவோ தவறியிருக்கிறது, உடனே இரண்டையும் பாருங்கள். கடல் சாமந்தி சுருண்டு சிவப்பு உருண்டையாக ஓரிரு நாள் இருப்பது சகஜம். பல நாள் சுருண்டு, அடித்தட்டு பாறையை விட்டால் முதலில் உப்பை அளந்து பாருங்கள். காரணமின்றி அமோனியா ஏறினால் நத்தைகளை எண்ணுங்கள். கவிழ்ந்து கிடப்பதை எடுத்து முகர்ந்தால் செத்ததா என்று தெரிந்துவிடும்.

தொட்டியை மூட நேர்ந்தால், வெப்பமண்டல உயிரோ அதன் கருவியோ ஒருபோதும் கலக்காத தொட்டியாக இருந்தால் மட்டும், எடுத்த அதே கரையில், அதே மட்டத்துக் குட்டையில் திரும்ப விடுங்கள். கலந்திருந்தால் குளிர்கடல் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள், கடலில் விடாதீர்கள்.